ஏலியாம்மா மிசி போகவில்லை

திருவிதாங்கூரிலிருந்து வந்த நேர்ஸ் ஏலியாம்மாவை யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் பக்கத்துச் சனம் ‘மிசி’ என்றுதான் கூப்பிட்டது. அங்கே ஒரு சின்னப் பிள்ளைப்பேற்று ஆசுபத்திரியில் அவளுக்கு வேலை. வந்த புதிதில் அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்த பெண்கள், பிறகு வலி கண்டால் அவளைத்தான் தேடினார்கள்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு ஏப்ரலில் யப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டான். இந்தியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு கப்பல் ஏறத் தலைமன்னாருக்கு ஓடினார்கள். ஆசுபத்திரி டாக்குத்தரும் சென்னையில் இருந்த குடும்பத்திடம் போய்விட்டார்.

கொழும்பில் கிளாக்கராயிருந்த தமையன் குரியன் அவளைக் கூட்டிப்போக வந்து இறங்கினான். அம்மா அழுதபடி இருக்கிறாள், இனிக் கப்பல் ஓடுமோ தெரியாது என்றான். ஆசுபத்திரியோடு ஒட்டிய தன் அறையில் ஏலியாம்மா பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அம்மாவை நினைத்துத்தான் சேலைகளை எடுத்தாள். ஆனால் சேலைகளை மடிக்க மடிக்க வேறு யோசனை வந்தது. ஊரில் அவளுக்கு இருப்பது தமையன் பெண்சாதியின் அடுப்படியில் ஒரு மூலை. ஒரு சவர்க்காரக் கட்டிக்கும் கை நீட்ட வேண்டும். இங்கே அவள் வெந்நீர் கேட்டால் ஊர்ப் பெரியவரும் எழுந்து ஓடுவார்.

அந்த நேரத்தில் புகையிலைத் தோட்டக்கார மார்க்கண்டுவின் மாட்டுவண்டில் வாசலில் வந்து நின்றது. வண்டிலுக்குள் அவன் பெண்சாதி சின்னத்தங்கம் வலியில் முனகினாள். திறந்த கதவால் பெட்டியைக் கண்டதும் மார்க்கண்டுவின் முகம் கறுத்தது.

“மிசி, நீங்களும் போறியளோ?”

“ஆர் சொன்னது? ஆளை உள்ளுக்குக் கொண்டு வாங்கோ.”

பிள்ளை கால் பக்கமாகத் திரும்பியிருந்தது. குரியன் வேப்பமர நிழலில் காத்துக் கிடந்தான். பொழுது சாயும் நேரம்தான் பிள்ளை அழுத சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த தங்கையிடம், இவளுக்காக நின்றாய் சரி, இனி ஆருக்காக நிற்கப்போகிறாய் என்று கேட்டான்.

“எனக்காகத்தான், அச்சாயா. இங்கை என்ரை சொல்லுக்கு மதிப்பிருக்கு. அதை விட்டிட்டு நான் வரமாட்டன்.”

மலையாளத்தில் தொடங்க நினைத்த பேச்சு யாழ்ப்பாணத் தமிழில் வந்ததை அவள் கவனிக்கவில்லை. குரியன் கவனித்தான். கோபத்தோடு தனியாகவே ரயில் ஏறினான்.

அடுத்த மழைக்காலத்தில், அடக்கமெல்லாம் முடிந்த பிறகு அம்மா செத்த செய்தி வந்தது. ஏலியாம்மா அன்று முழுவதும் அழுதாள். சின்னத்தங்கம் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். விடிந்ததும் மிசி தாய்மார் கிடந்த வாட்டுக்குப் போனாள்.

உலகச் சண்டை முடிந்து, குரியன் தன் மகளின் கலியாணத்துக்கு அழைத்தபோது அவள் போகாமல் இருக்கவில்லை. திரும்பி வருவதற்கும் சேர்த்தே டிக்கெட் வாங்கிக்கொண்டு போனாள்.