இரும்பு ஷேர் மாசாணம்

எங்கூட்டுக்காரரப் பத்திச் சொல்லோணும்னா மொதல்ல அவரு காதப் பத்திச் சொல்லோணுங்க. போன்ல டீலர் கடைக்காரன் எப்படிக் கூப்பிடறான்னு கேட்டே, இரும்பு வெலை ஏறுமா எறங்குமான்னு சொல்லிப்போடுவாரு. பேரு மாசாணம். ஆனைமலை அம்மனுக்கு நேந்து பொறந்தவரு. சூலூருக்கு இக்கட்டால, திருச்சி ரோட்டு மேல, பனியன் கம்பெனி ஷெட்டுக்கெல்லாம் இரும்புக் கூரை அடிக்கற பட்டறையில ஸ்டோர் கீப்பரு. ஆங்கிள், சேனல், பீம்னு லாரியில வாரத எறக்கி, எண்ணி, அடுக்கி, தீந்துபோச்சுன்னா டீலருக்குப் போன் போடறது அவரு சோலி. எட்டாவதோட நின்னவரு. ஆனா இரும்புல அவர அசைக்க முடியாதுங்க.

குடியிருந்தது பட்டறை காம்பவுண்டுக்குள்ளயே இருக்கற லைன் ஊட்டுல. ஆறு ஊடு, வாடகை கெடையாது. ஒறம்பரை, சொந்தக்காரங்கெல்லாம் பொறாமைப்பட்டாங்க. இருந்து பாத்தாத்தானே தெரியும்! சோத்துல கை வெச்சிருப்பாரு, "மாசாணம், லாரி வந்திருச்சு"ன்னு செவுத்துக்கு அக்கட்டால இருந்து கூப்பாடு வரும். கையக் கழுவிட்டு ஓடுவாரு. ஆறு ஊட்டுக்கும் சேத்து ஒரே குளிக்கற மறைப்பு, அதுக்கும் மேல கூரை இல்ல. பட்டறையில ஏணி மேல நின்னு வெல்டு அடிக்கறவனுக்கு எங்க பொடக்காலி, அந்தக் குளிக்கற எடம், பூராத் தெரியும். எங்க புள்ள அன்புக்கரசிக்கு அப்பப் பத்து வயசு. அவ பெரிய மனுஷி ஆகறதுக்குள்ள, கதவச் சாத்திக் குளிக்கற மாதிரி ஒரு சொந்த ஊடு வேணும். எனக்கு வேற எந்த ஆசையும் இல்லீங்க, சாமி சத்தியமா.

வெளிய வாடகைக்குப் போலாமேன்னு கேப்பீங்க. முந்தி பட்டறையில இரும்பு வெட்டற கட்டிங்காரரு ஒருத்தரு அப்படிப் போனாரு. அடுத்த மாசமே வேலை இல்லீன்னுட்டாங்க. அதனால லைன விட்டுப் போறதுன்னா, வேலை போனாலும் தலைக்கு மேல சொந்தக் கூரை இருக்கற மாதிரித்தான் போகோணும்.

தொண்ணூத்திரண்டுல ஒரு நாள், கட்டுமான இரும்பு உருட்டற கம்பெனி ஒண்ணு ஷேர் விடுதுன்னு இவரு விண்ணப்பப் பாரம் வாங்கிட்டு வந்தாரு. பத்து ரூவாப்படி நானூறு ஷேரு. ரெண்டு வருஷ தீவாளி போனஸு, என்ற சீட்டுப் பணம், எல்லாம் போச்சு. "பைத்தியமா உங்களுக்கு?"ன்னு கத்துனேன். அப்பத்தான் அந்தக் காது வித்தையச் சொன்னாரு.

"இந்தா பாரு புள்ள, இரும்பு கெடைக்காத காலத்துல அந்த டீலர் கடைக்காரன், 'யோவ் மாசாணம், சரக்கு இல்லைய்யா, போனை வை'ம்பான். சரக்கு தேங்கிப் போச்சுன்னா, 'ஏனுங்க மாசாணண்ணா, சொகமுங்களா, பாப்பா பள்ளிக்கோடம் போகுதுங்களா'ம்பான். இப்ப ஆறு மாசமா யோவ்னுதான் கூப்பிடறான். இரும்பு ஏறும்."

அது நெசமுங்க. மரியாதை கெட்டா வெலை ஏறும், மரியாதை வந்தா வெலை எறங்கும். எங்க ஆளுகளுக்கு மரியாதை லேசுல கெடைக்கறதில்ல, அதனாலதான் இவரு காது அதுல அவ்வளவு கூர்மையா இருந்துதோ என்னமோ.

ஷேரத் தன் பேருல வாங்கல. அவருக்கு அப்ப ஏழரைச் சனி ஓடுது. இரும்பு சனியோட சாமான், தன் பேருல இருந்தா வெளங்காதுன்னு என் பேருல போட்டாரு. காளியாத்தாள்னு நானே கையெழுத்துப் போட்டேன். அறிவொளி வகுப்புல சேந்து ஒரு மாசந்தான் ஆச்சு அப்ப. ஒவ்வொரு எழுத்துக்கும் நாக்கக் கடிச்சுக்கிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் போட்டு முடிச்சேன். கா ஒரு பக்கம், யா ஒரு பக்கம், கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழ எறங்கிப் போச்சு. லைன்ல எல்லாரும் அன்னையில இருந்து இவர இரும்பு ஷேர்னு கேலி பண்ண ஆரம்பிச்சாங்க.

ரெண்டு வருஷத்துல ஷேரு நூத்திப்பத்து ரூவா ஆச்சுங்க! அட கெரகமே, நானூறுக்குக் கணக்குப் போட்டுப் பாத்தேன். நாப்பத்திநாலாயிரம்! சூலூர்ல ஆமினா பீவின்னு ஒரு அம்மா, ஊட்டுக்காரரு மவுத்தாகிப் போனவங்க, மக கல்யாணத்துக்காக எடம் விக்கறாங்கன்னு கேள்விப்பட்டோம். மூணு செண்டு, செண்டு பன்னண்டாயிரம். ரெண்டாயிரம் அட்வான்ஸ் குடுத்தோம். நான் அந்த எடத்துல போயி நின்னு, குளிக்கற ரூம்பு எங்க வரோணும்னு குச்சியில கோடு போட்டேன். அன்புக்கரசி அதுக்குள்ள நின்னு குதிச்சா.

அந்த வாரமே டீலர் கடைக்காரன் 'ஏனுங்க'ன்னு கூப்பிட்டுட்டானாம். இவரு ஒரே ஓட்டமா வந்து, "புள்ள, வித்துப்போடோணும், நாளைக்கே"ன்னாரு. கோயமுத்தூரு ஒப்பணக்காரத் தெருவுல, மாடியில ஷேர் ஆபீஸ் வெச்சிருந்த கௌதமன்ங்கற தம்பிகிட்டப் போனோம். ஷேர வாங்கறவங்க பேருக்கு மாத்திக் குடுக்கற பாரத்துல நான் கையெழுத்துப் போட்டேன். கம்பெனி ஏத்துக்கிட்டாத்தான் பணம் கைக்கு வரும்னாரு. சரின்னு வந்துட்டோம்.

மூணு மாசங் கழிச்சுப் பாரம் திரும்பி வந்துருச்சு. கையெழுத்து ஒத்துவரலையாம்.

"யாரு கையெழுத்துங்க அக்கா இது?"ன்னு கேட்டாரு கௌதமன்.

"என்றதுதாங்க தம்பி!"

"பழசு மாதிரி இல்லீங்களே."

எப்படிங்க இருக்கும்? அந்த ரெண்டு வருஷத்துல நான் லைன்ல இருக்கற பொம்பளைங்களுக்கெல்லாம் ரேஷன் மனு எழுதறேன், கடுதாசி எழுதறேன். கை ஓடுது. ஒரே இழுப்புல பேரு போடறேன். கம்பெனியில வெச்சிருக்கறது நான் நாக்கக் கடிச்சுக்கிட்டுப் போட்டது. கம்பெனிக்காரன் என்ன செய்வான், பாவம்.

அதுக்கப்பறம் எங்கூட்டுல நடந்த கூத்த என்னன்னு சொல்றது. பொழுதோட பட்டறையில இருந்து வந்ததும் நோட்டு எடுத்து வெப்பாரு. "போடு. இன்னும் கோணலா. அந்த கா அப்படி நிக்கலைடி, சாஞ்சிருந்துது. மறந்துட்டியா?" நான் இடது கையில போட்டுப் பாத்தேன், கண்ண மூடிட்டுப் போட்டேன். பழைய பாரத்தக் கண்ணுல பாத்தாலாவது பாத்து எழுதலாம். அது எங்கியோ பம்பாயில கெடக்குது. ரெண்டாவது தடவை அனுப்புனோம், அதுவும் திரும்பிருச்சு. ஷேரு எம்பத்தஞ்சுக்கு வந்துருச்சு. போன்ல டீலர் கடைக்காரன் 'அண்ணா அண்ணா'ன்னு உருகறானாம்.

ஒரு நாள் இவரு நோட்ட வீசிப்போட்டு, "உன்ன எவன்டி படிக்கச் சொன்னான்?"னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! "ஏன், தற்குறியாவே கெடந்திருந்தா ரேகை உருட்டிட்டுப் போயிருப்பேன், அதானே உங்களுக்கு வேணும்? உங்களுக்குச் சனி புடிச்சதுக்கு என்ற கையா கெடைச்சுது?"ன்னு கேட்டுப்போட்டேன்.  இப்ப நெனச்சாலும் அவரு சொன்ன அந்தப் பேச்சு எனக்கு வலிக்குதுங்க. என் வாழ்க்கையில நானாக் கத்துக்கிட்டது அந்த எழுத்து ஒண்ணுதான்.

கௌதமன் ஒரு வழி சொன்னாரு. என் பேருல பேங்க் கணக்கு இருந்தா, மேனேஜர் பாத்து இது இந்தம்மா கையெழுத்துதான்னு சீல் வெச்சுக் குடுத்தாப் போதும். கணக்குத் தொறக்க, அதே பேங்க்ல ஏற்கனவே கணக்கு இருக்கறவங்க ஒருத்தரு அறிமுகக் கையெழுத்துப் போடோணும். அங்க எங்களுக்குத் தெரிஞ்ச கணக்குக்காரரு ஒரே ஒருத்தரு, பட்டறை மொதலாளி சுந்தரராஜுலு. எதுக்குக் கணக்குன்னு கேப்பாரு. சொன்னா, லைன விட்டுப் போறோம்னு தெரிஞ்சுரும். எடமும் கைக்கு வராம, வேலையும் போயிட்டா?

இவரு கேக்கவே இல்ல. ஆறு மாசம்! "இன்னைக்கு மொதலாளி கோவமா இருக்காரு", "இன்னைக்கு ஒறம்பரை வந்திருக்காங்க", "வெள்ளிக்கெழமை கேக்கறேன்". ஒவ்வொரு வெள்ளியும் போகும். ஷேரு எம்பது, எழுவது. தெனமும் அவருக்குத் தெரியுது எறங்குதுன்னு, ஆனா வெளிய வர முடியல. எலிப்பொறிக்குள்ள இருக்கற மாதிரி ரெண்டு பேரும் அந்த ஒத்த ரூம்புல மொறச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம்.

ஆடி மாசம் அன்புக்கரசி குளிக்கப் போனவ ஈரத்தோட ஓடி வந்தா. ஏணி மேல இருந்த ஒருத்தன் சீட்டி அடிச்சானாம். நான் அழுகல. சீலையக் கட்டிக்கிட்டு நேரா மொதலாளி ஆபீசுக்குப் போனேன். இவருகிட்டச் சொல்லக்கூட இல்ல.

"மொதலாளிங்க, பேங்க் கணக்குக்கு நீங்க கையெழுத்துப் போடோணுங்க. ஷேர் விக்கோணும். எடம் வாங்கிட்டுப் போலாம்னு இருக்கறோம்."

ஒளிக்காம அப்படியே சொல்லிப்போட்டேன். அவரு கண்ணாடியக் கழட்டி என்னப் பாத்தாரு. கோவப்படுவாருன்னு நெனச்சேன். சிரிச்சாரு.

"இதுக்கா அவன் ஆறு மாசமாக் கதவுகிட்ட வந்து வந்து நின்னுட்டுப் போனான்? கொண்டா." போட்டுக் குடுத்தாரு. குடுக்கும்போது, "ஆனா அம்மிணி, மாசாணம் போகமாட்டான்"னாரு. எனக்கு அது திமிர்ப் பேச்சாத்தான் பட்டுது.

பேங்க்ல மேனேஜர் முன்னாடி ஒரே இழுப்புல காளியாத்தாள்னு போட்டேன். சீல் வெச்சாரு. அன்னைக்கு ஷேரு அறுவத்திரண்டு. நானூறுக்கு இருவத்திநாலாயிரத்தி எண்ணூறு. பஸ்ஸு புடிச்சு ஆமினா பீவி அம்மாகிட்ட ஓடுனேன். நல்ல மனுஷி. "மூணு செண்டுக்குக் காணாதுன்னா ரெண்டு செண்டு எடுத்துக்க காளியாத்தா, உனக்காகப் பிரிச்சுத் தர்றேன்"னாங்க. ரெண்டு செண்டு போதுமே! ஒரு ரூம்பு, ஒரு குளிக்கற எடம். பறந்து வந்தேனுங்க ஊட்டுக்கு.

பாரத்த இவரு கையில குடுத்து, "நாளைக்குக் கௌதமன்கிட்டக் குடுத்துப்போடுங்க. முடிஞ்சுது"ன்னேன்.

இவரு பாரத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "அறுவத்திரண்டுக்கா?"

"ஆமாங்க."

"நூத்திப்பத்துக்குக் குடுத்தது. கொஞ்சம் பொறு. மறுபடியும் ஏறும்."

"ஏனுங்க, அந்த டீலர் கடைக்காரன் உங்கள அண்ணான்னு கூப்பிடறானே! எறங்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

இவரு என்னப் பாக்காம, செவுத்தப் பாத்துக்கிட்டுச் சொன்னாரு: "அது சரக்குக்காக இல்ல புள்ள. ஒரு வருஷமாப் பேசறான். பாப்பாவ விசாரிக்கறான், உன்ன விசாரிக்கறான். அவன் இப்ப என்ன மதிக்கறான்."

  முப்பத்தெட்டு வயசுல மொதத் தடவையா ஒருத்தன் ஒரு வருஷம் பூரா அந்த மனுசன அண்ணான்னு கூப்பிட்டிருக்கான். அது இரும்பு தேங்கினதாலன்னு நான் எந்த வாயால திரும்பச் சொல்றது? பாரத்த அலமாரியில வெச்சாரு. நாளைக்கு நாளைக்குன்னு நானும் கெஞ்சிப் பாத்தேன், சண்டை போட்டுப் பாத்தேன். நாப்பது ஆச்சு. இருவது ஆச்சு. கார்த்திகையில பன்னண்டு.

அந்தக் கார்த்திகையிலதான் அன்புக்கரசி பெரிய மனுஷி ஆனா. லைன் ஊட்டு வாசல்ல பச்சை ஓலை கட்டி உக்கார வெச்சோம். பட்டறையில அன்னைக்கும் வெல்டு அடிச்சாங்க.

தை மாசம் ஆமினா பீவி அம்மா மகளுக்கு நிக்காஹ். அதுக்கு மேல அவங்களால காத்திருக்க முடியல. எடத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டு, எங்க அட்வான்ஸ் ரெண்டாயிரத்தையும் கொறைக்காமத் திருப்பிக் குடுத்தாங்க. பணத்தப் பெற்றுக்கொண்டேன்னு ஒரு சீட்டு எழுதி, என்னக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன். அவங்க வாங்கிப் பாத்துட்டு மடிச்சுப் பைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க. அந்தக் கையெழுத்த மட்டும் யாரும் தப்புன்னு சொல்லலீங்க.