ஏர் ஓட்டிய கதவு

போன வாரம் அலமாரிக்குக் கதவு போட வந்த ஆசாரி, என் மேசைமேல் கிடந்த பழைய இழைப்புளியை எடுத்துத் தட்டித் தகட்டைக் கழற்றினார். நேராக இருக்க வேண்டிய வெட்டுவாய் பிறைபோல வளைந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "யாருங்க இத இப்படிக் கெடுத்தது? இருங்க, நேராக்கித் தர்றேன்" என்றார். நான் பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். நல்ல மனிதர், பயந்துவிட்டார்.

கெடுத்தது என் அண்ணி. கூட நின்று கெடுத்தவன் நான்.

எழுபதுகளின் கடைசி. புதூர்நாட்டுப் பக்கம் மலையில் அண்ணன் தனியாக வீடு கட்டிக் கூரையும் போட்டுவிட்டான். கதவு மட்டும் இல்லை. வாசலில் ஒரு மூங்கில் தட்டிதான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம், பலாப்பழ வாசனைக்கு வந்த கரடி ஒன்று தட்டியைப் பிய்த்துப் போட்டுவிட்டது. பழத்தோடு போனதே என்று நாங்கள் சிரித்தோம். அண்ணியின் அம்மா சிரிக்கவில்லை. "கதவில்லாத வூட்ல எம் பொண்ண வுட மாட்டேன். சந்த அன்னிக்கி வந்து கூட்டிக்கினு போறேன்" என்று ஜீப்பில் வந்தவர்களிடம் சொல்லியனுப்பிவிட்டாள். அண்ணிக்கோ அண்ணனை விட்டுப் போகத் துளியும் மனமில்லை. அண்ணன் கலசப்பாக்கத்தில் மலிவாகக் கிடைத்த இந்தப் பழைய இழைப்புளியை வாங்கி வந்து போட்டுவிட்டு, கீலும் தாழ்ப்பாளும் வாங்க மறுபடி மலை இறங்கிவிட்டான்.

அறுத்த பலாப் பலகைகள் மேடும் பள்ளமுமாகக் கிடந்தன. மேட்டைக் கரைக்காமல் அவற்றைச் சேர்த்து அடிக்க முடியாது. காலையெல்லாம் தள்ளினேன், மாவுபோலத் தூள்தான் வந்தது. தகட்டைக் கொஞ்சம் இறக்கினால் மரத்தில் சிக்கிக்கொண்டு நகர மறுத்தது. "இந்தக் கதவு உங்க பேரன் கல்யாணத்துக்குத்தான் ஆவும் அண்ணி" என்றேன். அவள் சிரிக்காமல் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழுந்தனாரே, ஏரே ஓட்டாம பரம்பு அடிச்சு மண்ண சமமாக்கப் பாத்தா இன்னா ஆவும்? ஏர்க்கொழு கூரா இருக்கறதாலதான மண்ணுல எறங்குது? இது பரம்புப் பலக மாதிரி அகலமா இருக்குது, மேலயே வழுக்குது. ரெண்டு ஓரத்தையும் தேச்சுட்டா நடு மட்டும் எறங்கும்ல?"

ஓடைப் பாறையில் தண்ணீர் ஊற்றி, தகட்டின் இரு மூலைகளையும் வெயில் சாயும்வரை தேய்த்தோம். "இருக்கற ஒரே தகடும் பாழாப் பூடுமே அண்ணி" என்றேன். "உங்க அண்ணன நான் பாத்துக்கறேன், தேயுங்க" என்றாள். தடித்த சீவல் அடைத்துக்கொள்ளாமல் வெளியே வர, இழைப்புளிக் கட்டையின் வாயையும் உளியால் அகலமாக்கினாள்.

மறுநாள் காலை இழைப்புளியின் முன்பக்கம் கயிறு கட்டினாள். "மாடு நீங்க. ஓட்றது நானு." நான் இழுத்தேன். அப்பப்பா! கரகரவென்று ஒரு சத்தம், மஞ்சள் மரம் தோல் தோலாகச் சுருண்டு மேலே வந்தது. என்னால் கத்தாமல் இருக்க முடியவில்லை. நெடுக்கே இழுத்தபோது அங்கங்கே நார் பிய்ந்தது. "குறுக்கால ஓட்டுவோம்" என்றாள். கொல்லையில் உழும்போது செய்வதுதானே! குறுக்கே திருப்பியதும் இழைப்புளி ஓடியது பாருங்கள், ஊரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தது.

சந்தை நாளன்று காலையில்தான் அண்ணன் வந்து சேர்ந்தான். தகட்டைப் பார்த்துத் திட்ட வாயெடுத்தவன், பலகைகள் பொருந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பையிலிருந்து கீலை எடுத்தான். மேலே உழவுச் சால்கள் அப்படியே இருந்தன. வழவழப்பாக்க நேரமுமில்லை, வேறு தகடுமில்லை. கதவை மாட்டிக் கடைசி ஆணி அடிக்கும்போது ஜீப் சத்தம் கேட்டது.

பெண்ணின் சேலைகளை எடுத்துப்போக ஒரு காலிப் பையோடு அண்ணியின் அம்மா, எங்களுக்கு அத்தை, இறங்கினாள். கதவை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, கதவுல ஏர் ஓட்டி வச்சிருக்க?"

"ஆமாம்மா. ஏர் ஓட்டியாச்சு. பரம்பு நாளிக்கி" என்றாள் அண்ணி.

அத்தை பெண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு தாழ்ப்பாள் போட்டாள். "இப்ப கரடி மாதிரி தள்ளுங்க, பாக்கலாம்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அண்ணனும் நானும் தோள் கொடுத்து முட்டினோம். கதவு அசையவில்லை. உள்ளே அம்மாவும் பெண்ணும் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அன்று எனக்கிருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததா, தெரியாது. சாயங்காலம் அந்தப் பை நிறைய சாமை அரிசியோடு அத்தை தனியாகவே ஜீப் ஏறினாள்.

நான் வேலை கிடைத்து ஊரை விட்டுக் கிளம்பியபோது, "மாட்டுக்குப் பங்கு வேணாமா?" என்று அண்ணி இந்த இழைப்புளியை என் பெட்டியில் வைத்தாள். அண்ணன் வீடு இன்று மாடி வீடு. வாசலில் அதே கதவு, அதே சால்கள். இழைத்து வழவழப்பாக்கலாமே என்று யார் சொன்னாலும் அண்ணி, "நாளிக்கி" என்கிறாள்.

ஆசாரி இன்னும் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். "அஞ்சு நிமிஷ வேலைங்க."

"நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொல்லி, தகட்டைக் கட்டையில் செருகி ஆப்பை அடித்தேன்.