மாரிவிக் எழுந்தால்தான் தட்டு கழுவலாம்

என் கணவரின் அக்கா மாரிவிக் திமாயுகா, அறுவை சிகிச்சையில் தன் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டிப் போட்டுவிட்டு வீடு திரும்பியபோது லிப்பா நகரத்தில் எங்கள் தெரு இரண்டாகப் பிரிந்தது. "நல்லா இருந்த வயித்தைப் போய் அறுத்துக்கிட்டாளே" என்றது ஒரு பாதி. "இதை எப்பவோ செஞ்சிருக்கணும்" என்றது மறு பாதி. அவள் குண்டாக இருந்த காலத்தில், கண்ட இடத்திலெல்லாம் "இன்னும் பெருத்துட்டியே" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் இரண்டு பாதியிலும் இருந்தார்கள். எங்கள் ஊரில் அது நலம் விசாரிப்பதில் சேர்த்தி. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாரிவிக் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வாள். "நீங்க மட்டும் இன்னும் வளரவே இல்லையே" என்று திருப்பிக் கொடுப்பாள்.

அவளுக்கு ஜீப்னி நிலையத்தில், நீள ஜீப்பு போன்ற பயணி வண்டிகள் கிளம்பும் இடத்தில், வேலை. எந்த வண்டி எந்த ஊருக்கு என்று தொண்டை கிழியக் கத்தி, ஆட்களைப் பிடித்து, எதிரெதிர்ப் பெஞ்சுகளில் நெருக்கி உட்காரவைத்து, வண்டி நிரம்பியதும் தகரத்தில் தட்டி அனுப்புகிற வேலை. ஒலிபெருக்கியைத் தொட்டதே இல்லை. ஒருமுறை அவளே பயணியாக ஏறியபோது, புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவன் அவள் உடம்பைப் பார்த்து இரண்டு ஆள் கட்டணம் கேட்டான். மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். பிறகு தன் பக்கத்து இடத்தில் தன் மீன் கூடையைத் தூக்கி வைத்து, "இது என்னோட ரெண்டாவது சீட்டு. ஒருத்தரும் உக்காரக் கூடாது" என்று பத்தாங்காஸ் போய்ச் சேரும்வரை ஆளே ஏற்றவிடவில்லை. அன்று வெயில் வேறு. இறங்கும்போது வண்டியே நாறியதாம். அவன் அதற்குப் பிறகு அவளிடம் கட்டணமே கேட்டதில்லை.

அழகுக்காக அவள் அறுவைக்குப் போகவில்லை. அப்படிப் போயிருந்தாலும் தப்பில்லை, அது வேறு. எங்கள் மாமனார் சர்க்கரை நோயில் முதலில் ஒரு காலை இழந்தார், பிறகு உயிரை இழந்தார். மாரிவிக்குக்கும் அதே சர்க்கரை, அதே உடம்பு. ஒருநாள் காலையில் கால் விரலில் வந்த புண் ஆறவில்லை என்று தெரிந்ததும், சாப்பாட்டு மேசையில் எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்.

"அப்பாவுக்குக் காலை வெட்டுனாங்க. நான் முந்திக்கிறேன். வயித்தை வெட்டிக்கிறேன்."

மாமியார் அழுதார். மாரிவிக் மணிலாவுக்குப் போய் மருத்துவமனையில் படுத்துவிட்டாள்.

பிறகு நடந்ததை மருத்துவமனைச் சுவரொட்டியில் போட மாட்டார்கள். முதலில் தெளிந்த சாறு மட்டும். பிறகு கூழ். பிறகு மசித்த மீன். ஒரு வாய் என்றால் வேர்க்கடலை அளவு. அதை வாயிலேயே மாவாக்கி விழுங்க வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. கொஞ்சம் அவசரப்பட்டால் நெஞ்சுக்கு நடுவே அடைத்துக்கொண்டு நிற்கும். வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும். அவள் வலது கையைத் தூக்குவாள். நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் தொண்டையையே பார்ப்போம். சில சமயம் இறங்கும். சில சமயம் எழுந்து கழுவுதொட்டிக்கு ஓடுவாள். இடையில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. தோல் தொங்கியது. வண்டிக்கு ஆள் கூப்பிடும் குரல் வீட்டுக்குள்ளேயே கேட்காத அளவுக்கு மெலிந்தது. முன்பு பெருத்துவிட்டாள் என்றவர்கள் இப்போது "எலும்பும் தோலுமா ஆயிட்டியே, பாவம்" என்று வாசலில் நின்று உச்சுக்கொட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர்களுக்கு எந்த உடம்பைக் காட்டினால்தான் வாய் மூடும்?

இதில் நான் எப்படி மாட்டினேன் என்றால், எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கல்யாணம் ஆகாத பெண் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து தட்டுகளை எடுத்துவிட்டால் அவளுக்குக் கல்யாணமே நடக்காது. மாரிவிக்குக்கு நாற்பது நெருங்கிவிட்டது. மாமியார் மட்டும் நம்பிக்கையை விடவில்லை. முன்பு இந்தச் சட்டத்தால் யாருக்கும் தொல்லை இல்லை. மாரிவிக்தான் முதலில் சாப்பிட்டு எழுவாள். இப்போது அவள் அரைக் கிண்ணத்தை முடிப்பதற்குள் எங்கள் தட்டுகளில் குழம்பு காய்ந்து பொருக்குத் தட்டிவிடும். எறும்பு வரும். ஈ வரும். அவள் எழும்வரை நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கிறவள் நான் அல்லவா?

"அக்கா, எவனையாவது கட்டித் தொலையேன். நான் தட்டு கழுவணும்" என்பேன்.

"நீயே பாரு, நெரிஸ்ஸா. மெதுவா சாப்பிடறவனா பாரு" என்பாள்.

மாமியாருக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. அவருக்குப் பெரிய கவலை சோறு. சோறு தின்னாதவள் சாப்பிட்டவளே இல்லை என்பது அவர் கணக்கு. மருத்துவர் சோற்றுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அது உள்ளே போய் ஊதி அடைக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாமியார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு மத்தியானம் மீன் மசியலுக்கு அடியில் இரண்டு கரண்டிச் சோற்றை மறைத்து வைத்துக் கொடுத்தார். கொஞ்சம் தெம்பு வரட்டும் என்ற ஆசைதான். மாரிவிக் பசியில் கவனிக்காமல் விழுங்கிவிட்டாள். அன்று அவள் பட்ட பாட்டை நான் மறக்க மாட்டேன். முகம் நீலம் பாரித்தது. கழுவுதொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மாலைவரை நின்றாள். கடைசியில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உள்ளே வீங்கியிருக்கிறது, மறுபடி சாற்றிலிருந்து ஆரம்பியுங்கள் என்றார்கள். ஏறி வந்த ஏணியில் மறுபடி முதல் படி.

மாமியார் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதார். மாரிவிக் திட்டவில்லை. "அம்மா, இனிமே என் கிண்ணத்துல நானே போட்டுக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். அது திட்டைவிட அதிகமாக வலித்திருக்கும்.

அதற்குப் பிறகு மாமியார் அவளைக் கண்ணால்கூடப் பார்க்கப் பயந்தார். மகள் பட்டினியில் செத்துவிடுவாள் என்று உறுதியாக நம்பினார். மேசையில் அவள் கை தூக்கும்போதெல்லாம் ஜபமாலையைப் பிடித்துக்கொள்வார். அறைக்குள் போய்த் தனியாகச் சாப்பிடு, மெத்தையில் சாய்ந்துகொண்டு நிம்மதியாகச் சாப்பிடு என்று கெஞ்சிப் பார்த்தார். மாரிவிக் அசையவில்லை.

"தனியா சாப்பிட்டா அது மருந்து. நான் மருந்து தின்ன வரலை" என்றாள்.

மூன்று வேளையும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஓட வேண்டி வந்தால் ஓடினாள். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். நானும் எறும்போடு சமாதானமாகிவிட்டேன்.

அப்போதுதான் எங்கள் பேட்டைத் திருவிழா வந்தது. அன்று வாசல் திறந்தே கிடக்கும். தெரிந்தவன் தெரியாதவன் என்று பார்க்காமல் வந்தவனுக்கெல்லாம் சாப்பாடு. எங்கள் மேசையில் பத்துப் பேர்தான் உட்காரலாம். ஒரு பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்தி. மாமியாரின் தங்கை பெலென் சித்தி முதல் நாளே வந்து இறங்கிவிட்டார். சித்தி வந்தால் வீட்டில் காற்றுகூட அவரைக் கேட்டுத்தான் வீச வேண்டும்.

"மாரிவிக்குக்கு முன்னாடியே அறையில குடுத்துடலாம்" என்றார் சித்தி, வெங்காயம் உரித்துக்கொண்டே. "ஜனங்க ஆட்டுக்கறி சாப்பிட வர்றாங்க. இவ கையைத் தூக்கிட்டு மூச்சு முட்டுறதைப் பாத்துட்டு எவன் சாப்பிடுவான்?"

மாரிவிக் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தாள். "எனக்கு மூச்சு முட்டுனா அவங்களுக்கு ஏன் சோறு இறங்காது?" என்று கேட்டாள்.

"உன் நல்லதுக்குத்தான்டி சொல்றேன்."

"என் நல்லது முதல் பந்தியில உக்காருது, சித்தி."

சொன்னபடியே உட்கார்ந்தாள். மண்சட்டியில் இரவெல்லாம் வெந்த சூரை மீன் அவளுக்கு. விரலால் அழுத்தினால் மாவாகும் மீன், உலர்ந்த பிலிம்பிக்காய் போட்ட புளிப்புச் சாறு. வந்தவர்கள் ஆட்டுக்கறியையும் நூடுல்சையும் அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்பது தட்டுகள் வெறுமையாகிவிட்டன. வாசலில் அடுத்த பந்தி நின்றது. பிள்ளைகள் நசநசத்தார்கள். வெளியே பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்து முடித்துவிட்டுப் பசியோடு உள்ளே எட்டிப்பார்த்தார்கள். மாரிவிக்கின் கிண்ணத்தில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

சித்தி எனக்குக் கண் காட்டினார். நான் அலுமினியத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போய் முதல் தட்டில் கை வைத்தேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவ சாப்பிட்டுட்டிருக்கா."

"அத்தை, வெளியே ஜனம் நிக்குது."

"நிக்கட்டும். அவ முடிக்கட்டும்."

சித்தி பொறுமை இழந்தார். "அப்ப அவளை எழுப்பு. மாரிவிக், கிண்ணத்தை எடுத்துட்டு அறைக்குப் போம்மா. எங்களுக்காக. ஒரு நாள்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து, விழுங்கிய மசியல் அவள் தொண்டையில் நின்றது. கை மேலே போனது. கண்ணில் நீர் கோத்தது. இப்போது ஓடினாள் என்றால் சித்தி அந்த நாற்காலியில் ஆளை உட்காரவைத்துவிடுவார், அப்புறம் இந்த வீட்டில் எந்த விருந்திலும் அவளுக்கு இடம் இருக்காது. அறைதான். மெத்தைதான். அது அவளுக்கும் தெரியும். அவள் ஓடவில்லை. மூக்கால் மெல்ல மூச்சு விட்டாள். வாசலில் ஒரு பிள்ளை அழுதது. கை இறங்கியது.

பிறகு அவள் எழுந்து நின்று, பக்கத்துத் தட்டை எடுத்து எதிர்த் தட்டின்மேல் வைத்தாள். அதைத் தூக்கி அடுத்ததன்மேல் வைத்தாள். எலும்பும் கரண்டியும் சரிந்தன. ஒன்பது தட்டுகளையும் தன் கையாலேயே அடுக்கி என் தொட்டியில் போட்டாள். தன் கிண்ணத்தை மட்டும் விட்டுவைத்தாள்.

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். "என்னடி பண்ணிட்ட. உன் கையாலேயே பண்ணிட்டியே."

"ஆமாம்மா, என் கையாலதான். உன் மேல பழி வராது." அவள் உட்கார்ந்து கரண்டியை எடுத்தாள். "வராத மாப்பிள்ளைக்காக வந்த சனத்தைப் பட்டினி போடாதே. அவன் போனா போகட்டும். இந்த நாற்காலியை மட்டும் நான் யாருக்கும் தர மாட்டேன். அடுத்த பந்தியை உக்காரச் சொல்லு, நெரிஸ்ஸா. ஒன்பது பேர்."

நான் தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்துக் கத்தினேன். என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக நான் தட்டு சுமந்ததில்லை. சித்தி என்னை முறைத்தார். நானும் முறைத்தேன்.

மாமியார் அடுப்படிக்குப் போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். சட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஆறிப்போன கிண்ணத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆவி பறக்கும் புதுக் கிண்ணத்தை வைத்தார். மீனை முள் பார்த்து, விரலால் மசித்து, சாற்றில் கரைத்திருந்தார். நான் எட்டிப்பார்த்தேன். அடியில் ஒன்றும் இல்லை. மாரிவிக்கும் கரண்டியால் ஒருமுறை கிளறிப் பார்த்தாள். அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்துக்கோ. ஒண்ணும் இல்ல" என்றார் மாமியார். "மெதுவா சாப்பிடு."

அடுத்த ஒன்பது பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் கறியைப் போட்டுத் தாக்கினார்கள். அவள் இரண்டு முறை கை தூக்கினாள். முதல் முறை டிரம் அடிக்கிற கிழவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். இரண்டாம் முறை அவர் நிறுத்தவில்லை, தன்பாட்டுக்குச் சாப்பிட்டார். அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது என்று பிறகு சொன்னாள். அவர்களும் முடித்து எழுந்தார்கள். அவர்கள் தட்டுகளை நான் எடுத்தேன். மாமியார் தடுக்கவில்லை.

மூன்றாம் பந்திக்கு ஜீப்னி ஓட்டுநர்கள் வந்தார்கள். மீன் நாற்றத்தில் வண்டி ஓட்டியவனும் அவர்களில் இருந்தான். அவள் இன்னும் வேலைக்குத் திரும்பாததால், இளைத்த பிறகு அவன் அவளைப் பார்க்கவில்லை. ஒரு கணம் அடையாளம் தெரியாமல் நின்றான். பிறகு தெரிந்ததும், ஊர் வழக்கப்படி ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் கண்ணைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டான்.

"என்னக்கா, சாப்பிட்டு முடிச்சாச்சா? இந்த இடம் காலியா?"

மாரிவிக் வாயில் இருந்ததை மென்று, மாவாக்கி, விழுங்கி, அது இறங்கும்வரை அவனை நிற்கவைத்தாள்.

"பக்கத்துல உக்காரு" என்றாள். "நான் இன்னும் சாப்பிட்டுட்டிருக்கேன்."