கடைசிப் பிள்ளை பாயை விட்டு எழும்வரை

எனக்கு எழுபத்து நான்கு வயது ஆகிறது. ஆறு பேரை வளர்த்தேன். மூன்று பேர் நான் பெற்றவர்கள், மூன்று பேர் என் அம்மா பெற்றவர்கள். அம்மா போனபோது கடைசித் தம்பிக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. அவரை வரப்பில் உட்கார வைத்துவிட்டுத்தான் நாற்று நட்டேன். அந்தத் தம்பி போய் இன்றைக்கு ஒரு வருடம். நேரில் 'டா' போட்டுத்தான் கூப்பிட்டேன். ஆனாலும் அச்சில் வருகிற இடத்தில் ஒரு வாத்தியாரை அவன் இவன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பேத்தி திருத்துவாள். விஷயத்தை அவள் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏனென்றால் நம் சொந்தத்துக்குள் பல வருடமாக ஒரு பேச்சு இருக்கிறது. தம்பி அடிதடிக்குப் பயந்து மேடையை விட்டு ஓடியவர், அதனால்தான் வாத்தியார் வேலைக்குப் போனார் என்று. தம்பியின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்களிலும் அப்படிச் சொன்னவர்கள் இருக்கிறீர்கள். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். நீங்கள் இல்லை.

ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஊரில் பிறந்தவர் தம்பி. சின்ன வயதில் மார்கழி பஜனையில் தாளம் தட்டுவார். பாடுகிற பெரியவர்கள் வேகம் பிடித்தாலும் இவர் தாளம் ஓடாது. பிறகு கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை. லீவு நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்கப் போனார். குழுவில் எல்லாப் பையன்களும் ஆறு கம்பி கிதாருக்கு அடித்துக்கொள்வார்கள். தடித்த நாலு கம்பி போட்ட பேஸ் கிதாரை யாரும் தொட மாட்டார்கள். தம்பி அதை எடுத்துக்கொண்டார். கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டார்.

ஒரு கல்யாணத்தில் எங்கள் மாமா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "அவன்லாம் ஆறு கம்பி வெச்சிக்கினு கீறான். உனுக்கு நாலுதானா? மீதி ரெண்டை இன்னா நைனா பண்ணே, வித்துட்டியா?"

"நாலுக்கே பெண்டு கழலுது மாமா" என்றார் தம்பி.

பாட்டுக்காரர் பாடுவது காதில் விழும், தம்பி வாசிப்பது நெஞ்சுக்கூட்டில் விழும். அப்படி இருபது வருடத்துக்கு மேல் மேடையில் நின்றார்.

அடிதடி ஆன அந்தப் பொங்கல் கச்சேரி நடந்த ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே இன்றும் நமக்கு உறவு இருக்கிறது. நானும் என் மகன் குடும்பமும் போயிருந்தோம். ஏரிக்கரையை ஒட்டி மேடை. மேடைக்கு முன்னால் பாய் விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் பெரியவர்களுக்கு நாற்காலி. வெளியே போக அந்த நாற்காலிகளுக்கு நடுவே ஒரே ஒரு வழி. என் பேத்திக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. அவளும் பாயில்தான் இருந்தாள்.

பொழுது சாய்ந்து விளக்குப் போட்டதும் தகராறு ஆரம்பித்தது. எந்தத் தெரு கேட்ட பாட்டை முதலில் பாடுவது என்று இரண்டு தெருவுக்கும் வாய்ச்சண்டை. பிறகு ஒரு நாற்காலி பறந்தது. பிறகு எல்லா நாற்காலியும் பறந்தது. பாடுகிறவர்களும் மற்ற வாத்தியக்காரர்களும் மேடைக்குப் பின்னால் இறங்கி, ஏரிக்கரை மேல் நின்ற வேனில் ஏறிவிட்டார்கள். முதலில் ஏறிய குழுத் தலைவர் வேனிலிருந்தே கத்தினார்: "எறங்குயா! உசுரு பெர்சா, கிதார் பெர்சா?"

தம்பி இறங்கவில்லை. பாயில் இருந்த பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று பிள்ளைகள் அழுதுகொண்டே எழுந்தார்கள். எழுந்து ஓடினால் அந்த ஒரே வழியில்தான் ஓட வேண்டும். அங்கேதான் கட்டையும் கல்லுமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஓடினால் இருட்டில் ஏரித் தண்ணீர்.

தம்பி மைக்கைப் பிடித்தார். "பசங்களா, ஒரு வெளாட்டு! யாரும் எந்திரிக்கக் கூடாது. கை தட்டிக்கினே எண்ணணும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பாதில உட்டவங்க அவுட்டு!"

சொல்லிவிட்டுத் தனியாக வாசிக்க ஆரம்பித்தார். பாட்டு இல்லை, டிரம்ஸ் இல்லை, டும் டும் என்று அந்த நாலு கம்பிச் சத்தம் மட்டும். முதலில் நாலைந்து கை, பிறகு பாய் முழுவதும் கை. எழுந்த பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள்.

நான் பேத்தியைத் தூக்கலாம் என்று மேடையைச் சுற்றி ஓடினேன். பக்கத்தில் ஜெனரேட்டர்காரர் மெஷினை நிறுத்தக் கை வைத்திருந்தார்.

"இன்னா பண்றே?" என்றேன்.

"நிறுத்திட்டு கெளம்புறேம்மா. மெஷின்ல கல்லு வுயுந்தா ஓனருக்கு நீயா பதில் சொல்லுவே?"

"மேல ஒருத்தன் நின்னு வாசிச்சிக்கினு கீறான், கண்ணு தெர்லியா? வெளக்கும் சத்தமும் போச்சின்னா பசங்க எந்தப் பக்கம் ஓடும்?"

"உன் ஆளுக்குப் பைத்தியமா?"

"என் தம்பிதான். பைத்தியமாவே இருக்கட்டும். நீ டீசல் ஊத்து."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு கேனை எடுத்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. எங்கே இருந்தாலும் அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

பேத்தியைத் தூக்காமல் நின்றுவிட்டேன். ஒரு பிள்ளையைத் தூக்கினால் மற்றதெல்லாம் எழுந்துவிடும் என்று எனக்கும் அப்போது புரிந்தது. ஒரு கல் தம்பியின் தோளை உரசிக்கொண்டு போய் ஸ்பீக்கரில் விழுந்தது. அவர் எண்ணிக்கை தவறவில்லை. பிள்ளைகளும் தவறவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஊத்துக்கோட்டையிலிருந்து போலீஸ் வந்த பிறகுதான் கூட்டம் கலைந்தது. பெற்றவர்கள் வந்து ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசிப் பிள்ளை பாயை விட்டு எழும்வரை தம்பி வாசித்தார்.

பிறகு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். கிதார் வாரைக் கழற்றக்கூட அவரால் முடியவில்லை. நான்தான் கழற்றினேன்.

"பயந்துட்டேங்கா. ரொம்பப் பயந்துட்டேன்."

"அப்ப ஏன்டா எறங்கி வர்ல?"

"நான் எறங்கினா அதுங்க எந்திரிக்குமே." காலிப் பாயைக் காட்டி, "அதுங்க எண்ணுச்சே, கேட்டியாக்கா? ஒண்ணுகூட தாளம் உடல. இனிமே எனுக்கு மேடை வாணாம். பசங்களுக்குச் சொல்லித் தரப் போறேன்" என்றார்.

நடந்தது இதுதான். அடுத்த கச்சேரிக்குத் தம்பி வர மாட்டேன் என்றதும் வேனில் முதலில் ஏறிய அதே தலைவர், 'அவருக்குப் பயம் வந்துட்சி' என்று ஊர் முழுக்கச் சொன்னார். சொந்தக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கல்யாண வீட்டிலும் காது குத்திலும் சிரித்தார்கள். "நீ ஏன் ஒரு வார்த்தை சொல்ல மாட்றே?" என்று நான் சண்டை போட்டேன். "பயந்தது நெசம்தானேக்கா" என்றார்.

கும்மிடிப்பூண்டியில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஓர் அறை பிடித்து, ஷிப்டு முடிந்த நேரத்தில் வகுப்பு நடத்தினார். கம்பெனித் தொழிலாளிகளின் பிள்ளைகள்தான் வந்தார்கள். முதல் வகுப்பில் கிதாரைக் கையில் கொடுக்க மாட்டார். பாயில் உட்கார வைத்துக் கை தட்டி எண்ணச் சொல்வார். நடுவில் எவர்சில்வர் தட்டைத் தூக்கிப் போடுவார், கதவைப் படாரென்று சாத்துவார், அதட்டுவார். எதற்கும் எண்ணிக்கை நிற்கக் கூடாது.

ஓர் அம்மா வந்து, "இன்னா சார், கிதார் கத்துக்க அனுப்பிச்சா எம் புள்ள கை தட்டிக்கினு கீறான்?" என்று கேட்டார்.

"தட்டட்டும்மா. கம்பி எங்கியும் பூடாது."

பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியராகக் கூப்பிட்டார்கள். கம்பெனி வேலையை விட்டார். அன்று முதல் கடைசிவரை வாத்தியார்தான்.

போன வருடம் இதயத்தில் கோளாறு என்று சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் என்ன சொல்லப் போகிறார்களோ என்று எழுந்து நிற்போம். ஒரு காலையில் அந்தச் சேதியும் வந்தது. பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும், என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டிய நர்சம்மாவுக்கும், ராத்திரி பகல் பாராமல் ஓடிய எதிர்வீட்டு ஷேர் ஆட்டோக்காரருக்கும், ரத்தம் கொடுக்க ஸ்டேஷனிலிருந்து நேராக வந்து நின்ற மாணவர்களுக்கும் கை கூப்புகிறேன். தூக்கமில்லாமல் கூடவே கிடந்த தம்பி மனைவிக்கு நன்றி சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள். ஆனாலும் சொல்கிறேன்.

எழுதி முடித்துப் பேத்தி கையில் தாளைக் கொடுக்கிறேன். அவ்வளவுதான் கண்ணு. இதை ஒரு தடவை திரும்பப் படி, நான் கேட்கிறேன். 'பயந்துட்டேன்' என்று தாத்தா சொன்ன இடம் வரும்போது, எடுத்துடலாமா ஆயா என்று என் முகத்தைப் பார்க்காதே. அதையும் சத்தமாகப் படி.