பழைய பைதனைக் கைவிட்டபோது

வவுனியாவில் வீட்டிலிருந்தபடி ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். அது வயிற்றுப்பாட்டுக்கு. மிச்ச நேரத்தில், தமிழ்ச் சொற்பிழை திருத்தும் சின்ன நிரல் ஒன்றைப் பராமரிக்கிறேன். திறந்த மூலம், யாரும் எடுத்துப் பாவிக்கலாம், யாரும் திருத்தலாம். திருத்த வந்தவர்களில் நிலைத்து நின்றவர் ஒருவர்தான். தர்மபுரத்தில் ஒரு அரிசி ஆலையின் கந்தோரில் வேலை செய்யும் பெண். நெடுநாள் திரையிலும் தொலைபேசியிலும் மட்டுமே பழக்கம்.

எங்கள் நிரல் தனியே நிற்பதில்லை. வேறு ஆட்கள் எழுதிய சில நிரல்களை நம்பித்தான் நிற்கிறது. போன வருடம் அவற்றில் ஒன்றில் பாதுகாப்புக் குறை ஒன்று தெரியவந்தது. அதைத் திருத்தி வெளியிட்டவர்கள், புதிய பதிப்பு, நாங்கள் நிரல் எழுதும் மொழியான பைதனின் பழைய வடிவத்தில் ஓடாது என்றும் சொல்லிவிட்டார்கள். நாங்களும் புதிய பைதனுக்குப் போகவேண்டும், இல்லையென்றால் குறையோடு கிடக்கவேண்டும். புதிய பைதன் ஏறாத பழைய கணினி வைத்திருப்பவர்களை நினைத்து இழுத்தடித்தேன். பழையதற்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என்று இரண்டாக வைத்திருப்போமா என்று அந்தத் தர்மபுரத்துப் பெண்ணிடம் கேட்டேன்.

"ரெண்டையும் ஆர் அண்ணா பாக்கிறது? நீங்களும் நானும்தானே. மாத்துங்கோ."

மாற்றினேன்.

அதற்குப் பிறகு அவருடைய திருத்தங்கள் வேறு மாதிரி வரத் தொடங்கின. முன்பு முழுதாக வரும். இப்போது ஒரு வரி, பின்னால் இன்னொரு வரி, பிறகு அந்த வரியையே அழித்துவிட்டு வேறொன்று. வரும் ஒவ்வொன்றையும் இணையத்தில் எங்கேயோ இருக்கும் ஒரு கணினி தானாகச் சோதித்து, சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு காட்டும். அவருடையதில் பெரும்பாலும் சிவப்பு. கவனமில்லாமல் செய்கிறார் என்று நினைத்தேன். எரிச்சலாகவும் இருந்தது.

கிளிநொச்சியில் ஒரு கலியாணத்துக்குப் போனவன், அப்படியே தர்மபுரத்துக்கும் போனேன். ஆலைச் சத்தத்தில் உரத்துத்தான் கதைக்க வேண்டியிருந்தது. தாயாரின் அழைப்பு வந்தபோது அவர் மலையகத்துப் பேச்சில் "ஆமாம்மா, வந்துர்றேன்" என்றார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பியதும் பேச்சு வன்னிக்கு வந்துவிட்டது. மேசையில் தவிட்டுத் தூசு படிந்த மடிக்கணினி.

"புது பைதன் இதில ஏறாது அண்ணா. இது ஆலையின்ர கணினி, அதின்ர கணக்கு மென்பொருள் பழைய விண்டோஸிலதான் ஓடும். முதலாளி அதை மாத்த விடமாட்டார்."

"அப்ப எங்கட நிரலை எப்பிடி ஓட்டிப் பாக்கிறனீங்கள்?"

"நான் ஓட்டிப் பாக்கிறேல்லை. எழுதி அனுப்புவன். சிவப்பு வந்தா எங்க பிழையெண்டு சோதனையே சொல்லும். திருத்தித் திருப்பி அனுப்புவன்."

"நான் கேட்டநேரம் இதைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்கள் மாத்தியிருக்க மாட்டீங்கள்."

ஓம், மாற்றியிருக்க மாட்டேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன்.

வீட்டுக்கு வந்து சோதனை ஒழுங்கைத் திருத்தினேன். முன்பு ஒரு வரி மாறினாலும் எல்லாவற்றையும் ஓட்டிவிட்டுத்தான் பதில் சொல்லும். இப்போது மாறிய பகுதியை முதலில் சோதித்து உடனே சொல்கிறது. அடுத்த கிழமை, பங்களிப்போருக்கான வழிகாட்டியில் அவரே ஒரு பகுதியைச் சேர்த்து அனுப்பினார்: தன் கணினியில் நிரலை ஓட்ட முடியாதவர் எப்படித் திருத்தம் அனுப்பலாம் என்று. எளிமையாக எழுதியிருந்தார். ஒரு சொல்லும் மாற்றாமல் சேர்த்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள். அவர்கள் அனுப்புவதை இப்போது அவர்தான் பார்க்கிறார்.