கூபியாக் சொன்ன கடைசிப் புத்திமதி

அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில், பனிமய மாதா உயர்நிலைப் பள்ளியில் நார்பர்ட் கூபியாக்குக்கு இரண்டு உத்தியோகம். பகலில் ஒழுங்கு அதிகாரி. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால், பள்ளிக்கு நிதி சேர்க்க உடற்பயிற்சிக் கூடத்தில் நடக்கும் பிங்கோ ஆட்டத்தில் எண் கூப்பிடுகிறவர். கூப்பிடும் எண்ணைச் சீட்டுக் கட்டங்களில் குறித்துக்கொண்டே வந்து, முதலில் ஒரு வரிசை நிரம்பியவர் "பிங்கோ" என்று கத்த வேண்டும். முதல் வேலையில் அவரைக் கண்டாலே எல்லாரும் ஓடுவார்கள். இரண்டாவது வேலையில் ஆட வருகிற கிழவிகள் கேக் செய்துகொண்டு வந்து கொடுப்பார்கள். கோட்டைக் கழற்றி வைத்த பிறகுதான் தனக்கு மரியாதை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வருஷத்துப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பார்கள். பட்டமளிப்பு நாளில் மேடையேறி விடைபெறும் பிள்ளைகளுக்கு அவர்தான் புத்திமதி சொல்ல வேண்டும். ஒருமுறை பரிசோதனைக் கூடத்தின் கூரையையே கொளுத்திவிட்ட வேதியியல் வாத்தியாருக்குக்கூட அந்தப் பெருமை கிடைத்துவிட்டது. கூபியாக்குக்கு எந்தக் காலத்திலோ ஒரே ஓர் ஓட்டு விழுந்தது, அதையும் செல்லாது என்று ஒதுக்கிவிட்டார்கள். இந்த வருஷம் என்னவென்றால் முக்கால்வாசி ஓட்டு அவருக்கு. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் மனைவி மார்லீன் முட்டைக்கோஸ் இலையில் கறியை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டும் கை நிற்கவில்லை.

"பசங்க உங்கள உச்சாணிக் கொம்புல ஏத்துறாங்கன்னா, நீங்க இறங்க முடியாம தவிக்கிறத வேடிக்கை பாக்கத்தான்" என்றாள்.

பொறாமை என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். ஆனால் அவருடைய சந்தோஷத்தில் ஒரு முள் இருந்தது. பட்டம் வாங்கும் அந்த வகுப்பில்தான் அவர் மகள் ரெனாட்டாவும் இருந்தாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், அவள் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் காரில் வரும்போதே அவளுக்கு அவர் சட்டம் போட்டிருந்தார். பள்ளி வாசலைத் தாண்டினால் நான் உன் அப்பா இல்லை, நீ மிஸ் கூபியாக், நான் மிஸ்டர் கூபியாக். மகளுக்குச் சலுகை காட்டுகிறார் என்று ஊர்வாயில் விழக்கூடாது பாருங்கள். ஊரார் பிள்ளைக்கு ஒரு தண்டனை என்றால் அவளுக்கு இரண்டு. மற்றப் பெண்களின் பாவாடை நீளத்தைக் கண்ணாலேயே அளந்து அனுப்புவார், அவளை மட்டும் நடைபாதையில் மண்டிபோட வைத்து, பாவாடை ஓரம் தரையைத் தொடுகிறதா என்று பார்ப்பார். தன்னை மனுநீதிச் சோழன் என்றே நினைத்துக்கொண்டார். தேர் ஒன்றுதான் குறை.

அதன் பலன், வீட்டிலும் அவள் அவரிடம் அளந்து பேச ஆரம்பித்தாள். உப்பு வேண்டும், கார் சாவி வேண்டும், அவ்வளவுதான். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தே பல மாதமாகிவிட்டது. ஆகஸ்டில் படிப்புக்காக ஒரிகனுக்குப் போகப் போகிறாள், நாட்டின் அந்தக் கோடிக்கு. அதற்குள் எப்படியாவது அவள் பழையபடி தன் மகளாகிவிட வேண்டுமே என்று அவருக்குள் ஒரு பதைப்பு இருந்துகொண்டே இருந்தது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. ஒழுங்கு விதிகளில் அதற்கு வழியில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ரெனாட்டா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "மிஸ்டர் கூபியாக், மேடையில என்னப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

வீட்டிலேயே மிஸ்டர் கூபியாக். அவர் மாதா மேல் ஆணையாகச் சத்தியம் செய்துகொடுத்தார்.

ஜூன் மாத வெக்கையில் கூடம் நிரம்பி வழிந்தது. கூபியாக் கத்தை கத்தையாக எழுதிவைத்திருந்தார். அன்பு, அறம், விசுவாசம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் வாயைத் திறந்ததும் பழக்கதோஷம், "வாழ்க்கையில முதல்ல சட்டைய உள்ள விட்டுக்கணும்" என்று வந்துவிட்டது. அத்தனை பிள்ளைகளும் சட்டென்று தலையைக் குனிந்து கையிலிருந்த நிகழ்ச்சித் தாளில் எதையோ குறித்துக்கொண்டார்கள். கூபியாக்குக்குக் கண் கலங்கிவிட்டது. குறிப்பெடுக்கிறார்களே! மார்லீன் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

"மாதா பாத்துக்கிட்டேதான் இருக்காங்க" என்றார் உற்சாகமாக. மறுபடியும் தலைகள் குனிந்தன. சாலமோன் ராஜாவுக்குக்கூட இப்படி ஒரு சபை வாய்த்திருக்காது என்று நினைத்துக்கொண்டார். மூன்றாவதாக சூயிங்கம்மைப் பற்றிச் சொன்னபோது பின்வரிசையில் ஒருவன் பக்கத்திலிருந்தவனை இடித்தான். அப்போதுதான் கூபியாக்குக்கு உறைத்தது.

அந்தக் குனிந்த கழுத்துகளை வெள்ளிக்கிழமைதோறும் பார்த்து அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குட்டைப் பென்சில்களையும் தெரியும், எல்லாம் அவருடைய பிங்கோ அலமாரியிலிருந்து போனவை. எண்களுக்குப் பதிலாக அவர் வாய்ச்சொற்களைக் கட்டத்துக்கு ஒன்றாக எழுதி, நிகழ்ச்சித் தாளுக்குள் வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் வரிசை நிரம்புகிறவனுக்கு ஜெயம். ஓட்டுப் போட்டதும் இதற்குத்தான்.

அவருக்குக் காது சூடேறியது. கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். இத்தனை வருஷம் தொண்டை கிழியப் பேசியதெல்லாம் இருபத்தைந்து கட்டத்துக்குள் அடங்கிவிட்டதே! இதற்கா இவ்வளவு சத்தம் போட்டோம்?

மேடையை விட்டு இறங்கிவிடலாமா என்று பார்த்தவர் கண்ணில் முதல் வரிசை பட்டது. ரெனாட்டா பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேருக்கு நேராக, கண்ணை எடுக்காமல். எண் கூப்பிடுகிறவனுக்கு அந்தப் பார்வை தெரியாதா? ஒரே ஒரு கட்டம் பாக்கி.

கூபியாக் எழுதிவைத்ததை மடித்துப் பைக்குள் போட்டார். மானம் போனால் போகட்டும், மகள் ஜெயிக்கட்டும். டை எங்கடா என்றார். நடைபாதையில் ஓடாதே என்றார். சுவரில் சாயாதே, சுவர் நீ வருவதற்கு முன்னாலும் நேராகத்தான் நின்றது என்றார். நான் படித்தபோது பனியில் நடந்து வந்தேன் என்று ஆரம்பித்ததும் பெற்றோர்களும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் ரெனாட்டாவைப் பார்த்தார். பென்சில் இறங்கவேயில்லை. கடைசியில், அவரிடம் அதிகம் தண்டனை வாங்கிய டிம் ஒராவெட்ஸ் நாற்காலி மேல் ஏறி "பிங்கோ!" என்று கத்தினான். கூடமே அதிர்ந்தது. தலைமையாசிரியை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூபியாக் தன் வாழ்நாளில் அப்படிக் கைதட்டல் வாங்கியதில்லை. ரெனாட்டா மட்டும் தாளை மடித்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் கேக் கொடுத்தார்கள். கூபியாக் மகளிடம் போனார். "மிஸ்..." என்று வந்ததை விழுங்கிவிட்டு, "எந்தக் கட்டம் மிச்சம்?" என்று கேட்டார்.

"'இவ என் மக.' அதத்தான் எழுதியிருந்தேன்."

"நீதானம்மா பேசக் கூடாதுன்னு சத்தியம் வாங்கின?"

"எந்த அப்பாவும் அந்தச் சத்தியத்தக் காப்பாத்த மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"சொன்ன சொல் தவறக் கூடாதுல்ல. நீ சொன்னத நான் கேட்டேன்."

"கேட்டீங்க. நாலு வருஷத்துல ஒரே ஒரு தடவை. அதுவும் இன்னைக்குன்னு பாத்து."

உலகத்துக்கெல்லாம் புத்திமதி சொல்கிற கூபியாக், கையிலிருந்த கேக்குத் தட்டை அசடு மாதிரி அவளிடம் நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து சிஸ்டர் அமாட்டா தடியூன்றி வந்து சேர்ந்தார். கூபியாக் அங்கே மாணவனாக இருந்த காலத்தில் லத்தீன் நடத்திய கன்னியாஸ்திரீ, இப்போது கண்ணும் மங்கல், காதும் மந்தம். "நார்பர்ட், யாருப்பா இந்த உயரமான பொண்ணு?" என்றார்.

நம்ம பள்ளி மாணவி, சிஸ்டர் என்று நாலு வருஷப் பழக்கம் நாக்கு நுனிவரை வந்தது. அவர் பல்லைக் கடித்து அதை நிறுத்தினார்.

"என் மக, சிஸ்டர்."

"என்னது?"

கூபியாக் மூச்சை இழுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக் குரலில், கடைசி மேசைக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்: "என் மக! இவ என் மக ரெனாட்டா!"

சாப்பாட்டுக் கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரெனாட்டாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"ஆட்டம் எப்பவோ முடிஞ்சிருச்சு, மெதுவாச் சொல்லுங்கப்பா" என்றாள். பள்ளிக்கூடத்துக்குள் வைத்து அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.