பொம்மைக்குப் போட்ட பெல்ட்

சிங்கப்பூரில் தினமும் காலையில் ஓர் அந்நியன் என் முதுகைப் பிடித்து இழுக்கிறான். பெயர் ரஃபீக், வங்காளதேசத்துக்காரன். அவன் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவனுக்குப் புரியாது. கட்டடத்தில் சாரம் ஏறுவதற்கு முன் ஒருவன் பாதுகாப்பு பெல்ட்டை இன்னொருவன் இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது இங்கே சட்டம். முதுகு வாரை இழுப்பான், தொடை வாரை இழுப்பான், "ஓகே" என்பான். சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் இருக்கிறதே என்று வந்த புதிதில் எனக்குக் கூசியது. இந்த ஊருக்கு என்மேல் பாசம் ஒன்றும் வழியவில்லை. நான் விழுந்தால் வேலை நின்றுபோகும், அதிகாரிகள் வந்து நிற்பார்கள், அதற்காகக் கட்டுகிறார்கள். எதற்காகவோ, கட்டுகிறார்கள் அல்லவா.

எங்கள் செஞ்சியில் எப்படி ஏறுவோம் தெரியுமா? சவுக்குக் கட்டையைக் கயிற்றால் கட்டி ஒரு பலகையைப் போட்டால் அது சாரம். லுங்கியை மடித்துக் கட்டினால் அது பாதுகாப்பு. யாராவது விழுந்தால் "அவன் நேரம்" என்போம். விழாவிட்டால் மேல்மலையனூர் அங்காளம்மா காப்பாற்றினாள் என்போம். அமாவாசைக்கு அமாவாசை பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் ஜனத்தின் குறையெல்லாம் கேட்கிறவள், மிச்ச நாளில் செஞ்சிக்கு வந்து சவுக்குக் கட்டையையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். ஒரு கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்ளச் சோம்பல்பட்டுச் சாமிக்கு வேலை வைக்கிற கூட்டம் நாங்கள். ஆனால் பழி சொல்லக் கூடாது. கட்டடத்தில் ஒரே ஓர் ஆளை மட்டும் ஒழுங்காகக் கட்டுவோம். பழைய பேண்ட் சட்டையில் வைக்கோல் திணித்து, பூசணிக்காய்த் தலைக்கு மீசை வரைந்து, ஊர்க் கண் படாமல் இருக்க முன்பக்கம் தொங்கவிடும் திருஷ்டி பொம்மைதான் அந்த ஆள்.

என் தம்பி வேலு கொத்தனார். போன முறை ஊருக்குப் போனபோது திருவண்ணாமலை ரோட்டில் ஒரு மண்டிக்காரர் வீட்டு மாடியில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தான். அவனுக்காகச் சிங்கப்பூர் தேக்கா கடைத்தெருவில் ஒரு பெல்ட் வாங்கிப் போயிருந்தேன். இங்கே சைட்டில் அவரவர் பெல்ட்டில் அவரவர் பெயர் எழுதுவது வழக்கம். அந்தப் பழக்கதோஷத்தில் அதிலும் முதுகுப் பக்கம் பெரிதாக 'ராஜேந்திரன்' என்று என் பெயரையே எழுதிவிட்டேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நிற்கவைத்து மாட்டிக் காட்டினேன்.

"சாரத்துல கொக்கியப் போடாதடா. சாரம் சாஞ்சா நீயும் சேந்து போயிடுவ. தூண் கம்பியில போடு."

"இன்னாண்ணா இது, கன்னுக்குட்டியக் கட்ற மாதிரி. மேஸ்திரி பாத்தா சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிருக்க."

"சரிண்ணா, போட்டுக்கிறேன்" என்றான். நம்பி விமானம் ஏறினேன்.

போன வாரம் அந்த மண்டிக்காரர் வீட்டுச் சாரம் சாய்ந்துவிட்டது. வேலு கீழே ஜல்லிக் குவியலில் விழுந்து தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன் மனைவி செல்வி போனில் ஒரு படம் அனுப்பினாள். பின்னால் செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை. முன்னால் சவுக்குக் கட்டைகள் சரிந்து குவிந்து கிடக்கின்றன. மேலே தூண் கம்பியில், முதுகில் என் பெயரோடு, என் பெல்ட்டில் திருஷ்டி பொம்மை தொங்குகிறது. ஒரு வைக்கோல்கூட உதிரவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன்.

"கோச்சிக்காதண்ணா. பொம்ம காத்துல வுழுந்துட்டே இருந்துச்சு. வூட்டுக்காரரு டென்ஷன் ஆயிட்டாரு. அதான் மேஸ்திரி பெல்ட்ட எடுத்து அதுக்கு மாட்டுனாரு. நீ சொன்ன மாதிரியே தூண் கம்பியிலதான் மாட்டுனாரு."

என் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள் பாருங்கள். எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறார்கள், வைக்கோலுக்கு.

"தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்கண்ணா. பொம்ம மட்டும் இல்லன்னா செத்தே போயிருப்பேனாம்."

தொடை எலும்பு எப்போதடா தலைப்பாகை ஆனது என்று கேட்க நினைத்தேன். வலியில் இருக்கிறவனிடம் கேட்கவில்லை.

"கால் சேந்து வேலைக்குப் போறப்பவாவது அத அவுத்து நீ போட்டுக்கடா."

"அது ஆவாதுண்ணா. திருஷ்டி வாங்குனது. மனுசன் தொடக் கூடாதுன்றாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான். "பொம்ம காத்துல திரும்புறப்ப ரோட்டுல போறவங்க உன் பேரப் படிச்சிட்டு, இன்னா, ராஜேந்திரன் ஊருக்கு வந்துட்டானான்னு கேக்குறாங்க."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சீன சூப்பர்வைசர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். இங்கே புது பெல்ட்டை மனிதனுக்கு மாட்டும் முன் மணல் அடைத்த பொம்மைக்கு மாட்டித் தள்ளிவிட்டுச் சோதிப்பதுண்டு. "டம்மி டெஸ்ட்டா? உங்கள் ஊரில்கூட செய்கிறார்களா? வெரி குட் லா" என்று முதுகில் தட்டினார். விளக்கிச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதாது. ஆங்கிலம் இருந்தாலும் என்னவென்று சொல்வது? எங்கள் ஊரில் பொம்மை பிழைக்க மனிதனைத் தள்ளிச் சோதிப்போம் என்றா? தலையை ஆட்டிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போய் இன்னொரு பெல்ட் வாங்கினேன். இந்த முறை மறக்காமல் வேலுவின் பெயரை எழுதினேன். போடுவானா, தெரியாது. மேஸ்திரி சிரித்தால் கழற்றிவிடுவான். காலையில் அவன் முதுகு வாரை இழுத்துப் பார்த்து அதட்ட அங்கே யாரும் இல்லை. இழுக்க வேண்டிய நான், ரஃபீக் "ஓகே" சொன்னதும் கொக்கியை மாட்டிக்கொண்டு இங்கே யாருடைய கட்டடத்திலோ தொங்குகிறேன். ஊரில் என் பெயரைப் போட்டுக்கொண்டு வைக்கோல் தொங்குகிறது.